உச்சியைப் பார்க்க ஆளில்லாத தென்னை

தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் மலாக்காவில் பேச்சு ஒரே பக்கம்தான் ஓடும். இந்தோனேசியாவிலிருந்து சரக்கு வரவில்லை, வந்ததைச் சீனா வாங்கிக்கொண்டு போகிறது, இருப்பதை யாரோ பதுக்குகிறார்கள். 2024 கடைசியில் தொடங்கி 2025 பிறந்த பிறகும் நீடித்த தட்டுப்பாட்டின்போது பசாரிலும் கோயில் வாசலிலும் கேட்டதெல்லாம் இதுதான். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மரம் ஏன் முன்போல் காய்க்கவில்லை, பக்கத்துக் கம்பத்தில் நான்கு மரங்கள் ஏன் அடுத்தடுத்து மொட்டையாயின என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. மரத்துக்கு வயதாகிவிட்டது, உரம் இல்லை, வண்டு துளைத்துவிட்டது. இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகள் மரத்துக்கு மரம் எடுத்துப்போகும் ஒரு நோய். அதற்கு மருந்து கிடையாது. உலகின் பல கடற்கரைகளில் தென்னையை வேரோடு துடைத்தெடுத்த நோய்க் குடும்பம் அது. அதைச் சேர்ந்த ஒன்று மலேசியத் தென்னையில் இருப்பது தெரிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

கணக்கில் வராத மரங்கள்

மலேசியாவில் 1990 வாக்கில் சுமார் 3 லட்சம் ஹெக்டேரில் தென்னை இருந்தது. இன்று அது ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. செம்பனை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. மீதி இருக்கும் தென்னையில் பெரும்பகுதி சிறு உடைமையாளர்களின் கையில், வயதான மரங்களாக நிற்கிறது. நாட்டின் தேவையில் கணிசமான பங்கு இந்தோனேசியாவிலிருந்துதான் வருகிறது. அங்கே ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தலாமா என்ற பேச்சு எழுந்தாலே இங்கே துருவிய தேங்காயின் விலை ஆடுகிறது.

பேராக்கின் பாகான் டத்தோவில் தமிழர்கள் தென்னந்தோட்டங்களிலேயே வேலை செய்தார்கள். மலாக்கா அப்படி இல்லை. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் முதலில் பால்மரம், பிறகு செம்பனை. தென்னை அங்கே தோட்டத்தின் பயிராக இருந்ததில்லை. வீட்டின் மரமாக இருந்தது. லயத்துக் கொல்லையில் இரண்டு, மாரியம்மன் கோயில் மதிலோரம் நான்கு, தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்தில் ஒரு வரிசை. தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு மாறிய பிறகும் அந்த மரங்களில் சில அங்கேயே நிற்கின்றன. தாமான் வீட்டின் வேலியோரத்திலும் ஒரு கன்று ஊன்றாமல் குடும்பம் அடங்குவதில்லை.

இந்த மரங்கள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. தோட்ட நிர்வாகம் செம்பனைக்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் எண் உண்டு. தென்னைப் பயிரிடுவோராகப் பதிந்தவர்களின் நிலம் விவசாய இலாகாவுக்குத் தெரியும். கோயில் தென்னைக்கும் கொல்லைத் தென்னைக்கும் அப்படி யாரும் கிடையாது. மரம் செத்தால் வெட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான். எதனால் செத்தது என்று கேட்பவரும் இல்லை, எழுதி வைப்பவரும் இல்லை.

ஆனால் மலாக்காவின் சாப்பாட்டிலும் சடங்கிலும் தென்னைக்கு உள்ள இடத்தைப் பார்த்தால் இது விசித்திரமான அலட்சியம். ஊர்ப்பெயரையே சுமக்கும் குலா மலாக்கா, தென்னம்பாளையில் வடியும் பதநீரைக் காய்ச்சி எடுப்பது. கிளேபாங்கில் வெயில் நேரத்தில் கார்கள் வரிசை கட்டி நிற்பது இளநீர் ஷேக்குக்காக. காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் செட்டி மலாக்கா குடும்பங்களின் சமையலும், பெரானாக்கான் சமையலும், தமிழ் வீட்டுக் குழம்பும் தேங்காய்ப் பாலில்தான் சந்திக்கின்றன. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை வரை மாசிமகத்தன்று போகும் இரதத்தின் முன்னால் தேங்காய் இல்லாமல் எப்படி?

மட்டை மஞ்சளாவதற்கு முன்னால்

2009ஆம் ஆண்டு, செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலாங்கூரில் மஞ்சளாகி நலிந்த தென்னைகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். மரத்துக்குள் இருந்தது ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். அந்த நோய்க்குத் தென்னை மஞ்சள் நலிவு என்று பெயர்.

ஃபைட்டோபிளாஸ்மாவைப் பாக்டீரியாவின் ஒரு வகை என்று சொல்லலாம். ஆனால் அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தனியாக வெளியில் வாழவும் முடியாது. இலையில் சமைத்த சர்க்கரையை மரம் வேருக்கும் காய்க்கும் அனுப்புகிற மெல்லிய குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குள்தான் அதன் குடியிருப்பு. அந்தக் குழாயில் ஊசிபோல் வாயைச் செருகிச் சாறு குடிக்கும் தத்துப்பூச்சி போன்றவை, சாற்றோடு கிருமியையும் எடுத்துக்கொள்கின்றன. கிருமி பூச்சியின் உடலில் பெருகி, அதன் எச்சிலுக்கு வந்து சேர்கிறது. பிறகு அந்தப் பூச்சி எந்த மரத்தில் வாய் வைத்தாலும் அந்த மரத்துக்கும் நோய்தான். 1967இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் முசுக்கட்டைச் செடியில் இதைக் கண்டுபிடிக்கும்வரை இத்தகைய நோய்களையெல்லாம் வைரஸ் என்றே உலகம் நினைத்துக்கொண்டிருந்தது.

கரீபியன் தீவுகளில் இதே குடும்பத்தின் மிகக் கொடிய நோய் உண்டு. கொல்லும் மஞ்சள் நோய் என்று அதைச் சொல்லலாம். மலேசியாவில் கண்டது அதே கிருமி இல்லை, வேறு கிளை. இதைச் சொல்லாமல் விட்டால் வீண் பீதிதான் பரவும். ஆனாலும் கரீபிய நோயின் போக்கு நன்றாக ஆராயப்பட்டது என்பதால், மரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல பாடம்.

முதல் அடையாளம் இலையில் தெரியாது, தரையில் தெரியும். குரும்பையும் இளநீரும் முற்றிய காயும் வேறுபாடு இல்லாமல் ஒரே சமயத்தில் உதிரும். விழுந்த காயின் காம்புப் பக்கம் கறுத்திருக்கும். அடுத்து, புதிதாக வெடிக்கும் பாளை பொன்னிறமாக இருக்க வேண்டியது கருகிப்போய் வரும். அதற்கப்புறம்தான் அடிமட்டையிலிருந்து மஞ்சள் ஏற ஆரம்பிக்கும். கடைசியில் குருத்து அழுகி, கொண்டை முழுவதும் கழன்று விழ, விளக்குக் கம்பம் போல மரம் நிற்கும். முதல் காய் உதிர்ந்ததிலிருந்து இதற்கு ஆகும் காலம் மூன்று முதல் ஆறு மாதம்.

மட்டை மஞ்சளானால் மட்டும் இந்த நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாம்பல்சத்துக் குறைந்தாலும் மட்டை மஞ்சளாகும். வேரில் தண்ணீர் தேங்கினாலும் ஆகும். காய் உதிர்வு, கருகிய பாளை, கீழிருந்து மேலே ஏறும் மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்து, பக்கத்து மரத்திலும் தொடங்கினால் சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்ய ஆய்வுக்கூடம்தான் வழி.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காலமும் இருக்கிறது. கிருமி உள்ளே போனதிலிருந்து முதல் அடையாளம் தெரிவதற்குள் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகிவிடும். பச்சைப் பசேலென்று லாரியில் ஏறி வரும் கன்று நோயை ஏற்கெனவே சுமந்துகொண்டு வரலாம்.

புத்ரா பல்கலைக்கழக ஆய்வில் தமிழ் வீட்டுக்காரர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தென்னையில் கண்ட ஃபைட்டோபிளாஸ்மாக்களில் ஒன்று, அருகம்புல்லை வெளிறச் செய்யும் நோயின் குழுவைச் சேர்ந்தது. இன்னொன்றுக்கு நெருங்கிய உறவான கிருமி நித்தியகல்யாணிச் செடியில் கிடைத்தது. பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லும், வாசலில் பூக்கும் செடியும்! புல்லிலிருந்துதான் தென்னைக்கு வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. உடனே யாரும் வாசல் செடியைப் பிடுங்க வேண்டியதும் இல்லை. ஆனால் நித்தியகல்யாணியின் பூ பூவாக மலராமல் பச்சையாய் இலைபோல் சுருண்டு வந்தால், அருகம்புல் திட்டுத் திட்டாக வெளுத்தால், அந்த வளாகத்துத் தென்னையை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

மலாயாவின் குட்டைமரம் கடல் தாண்டிய கதை

ஜமைக்காவின் நெட்டைத் தென்னைகளை 1960களிலிருந்து இருபதாண்டுக் காலம் அந்தக் கொல்லும் மஞ்சள் நோய் அழித்தது. லட்சக்கணக்கான மரங்கள் போயின. கொப்பரையை நம்பிய கடலோரக் கிராமங்கள் வெறிச்சோடின. அங்கே தாக்குப்பிடித்து நின்ற மரம் எது தெரியுமா? மலாயாக் குட்டை. இந்த மண்ணிலிருந்து போன தென்னை. அதையும் பனாமா நெட்டையையும் சேர்த்து ‘மேபான்’ என்ற கலப்பின வகையை உருவாக்கி 1974 முதல் ஊரெங்கும் நட்டார்கள். அமெரிக்காவின் மயாமி நகரில் 1971இல் நோய் நுழைந்தபோதும் மலாயாக் குட்டையைத்தான் தேடிப்போனார்கள்.

கேரளத்திலும் இதே கதைதான். அங்குள்ள வேர்வாடல் நோயும் ஃபைட்டோபிளாஸ்மாவால் வருவதுதான். 1882இல் ஈராட்டுபேட்டையில் முதலில் கவனிக்கப்பட்ட அந்த நோய் மரத்தை உடனே கொல்லாது. இலை தளர்ந்து, காய் குறைந்து, ஆண்டுக்கணக்கில் மரத்தை உறிஞ்சும். 1984இல் எடுத்த கணக்கின்படி ஆண்டுக்கு 96 கோடிக்கும் அதிகமான தேங்காய் இழப்பு. மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் காயங்குளம் வட்டார நிலையம் நோய் தாங்கும் வகையாக வெளியிட்ட ‘கல்பரக்‌ஷா’, மலாயாப் பச்சைக் குட்டையிலிருந்து தேர்ந்தெடுத்தது.

இதைப் படித்துவிட்டு, இங்குள்ள தென்னைக்குப் பயமில்லை என்று யாராவது நிம்மதி அடைந்தால் அது தவறு. 1990களின் இறுதியில் ஜமைக்காவில் மேபானும் மலாயாக் குட்டையும் சேர்ந்தே விழ ஆரம்பித்தன. கால் நூற்றாண்டு நின்ற அரண் அது. மலேசியாவில் மஞ்சள் நலிவு கண்ட மரங்களிலும் குட்டை இருந்தது, நெட்டையும் இருந்தது. ஒரே வகையை நாடு முழுக்க நட்டுவிட்டு அதை நம்பியிருப்பது ஆபத்து என்பதை ஜமைக்கா பெரிய விலை கொடுத்துக் கற்றது. இங்கே கலப்பினம் என்றாலே எல்லோரும் கேட்பது மாத்தாக், அதாவது மலாயாக் குட்டையும் பிலிப்பீன்ஸின் தக்னானான் நெட்டையும் சேர்ந்த வகை. நல்ல காய்ப்புத்தான். ஆனால் எல்லாக் கொல்லையிலும் அது ஒன்றுதான் என்ற நிலை வரக் கூடாது.

ஜமைக்கா கற்ற இன்னொரு பாடம் எளிமையானது. நோய் மறுபடி கிளம்பியபோது ஒரு தோட்டக்காரர் மருந்து எதையும் நம்பவில்லை. வாரம் ஒருமுறை ஆளை வைத்துத் தோட்டம் முழுவதையும் நடந்து பார்க்கச் செய்தார். சந்தேகத்துக்குரிய மரத்தை அன்றைக்கே வெட்டி எரித்தார். வெட்டிய இடத்தில் புதுக்கன்று நட்டார். சுற்றுவட்டாரம் மொட்டையானபோது அவர் தோட்டம் பிழைத்தது. பிறகு அந்நாட்டுத் தென்னை வாரியமே மற்ற விவசாயிகளுக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தது.

மரமேறி போன பிறகு

வாரம் ஒருமுறை உச்சியைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு மலாக்காத் தோட்டங்களில் இப்போது யார் இருக்கிறார்கள்?

ஒரு காலத்தில் இருந்தார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்குக் கள் இறக்கியவர்கள் காலையிலும் மாலையிலும் மரம் ஏறினார்கள். கள்ளுக்கடை தோட்டத் தமிழனுக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் அதை மூடச் சொல்லியே கேட்டார்கள். அது ஒழிந்தது நல்லதுதான். ஆனால் மரமேறியோடு சேர்ந்து ஒரு கண்ணும் போய்விட்டது. பாளை எப்படி வந்திருக்கிறது, குருத்தில் வண்டு ஏறியிருக்கிறதா, எந்த மரம் சோர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அன்றன்றே தெரியும். எழுபது எண்பது அடி உயரத்தில் நடப்பதைக் கீழே நிற்பவர் அறிவது கொண்டை சாய்ந்த பிறகுதான்.

இன்று தேங்காய் பறிக்க ஆள் கிடைப்பதே அரிது. கிழக்குக் கரையில் பழக்கிய குரங்கு ஏறுகிறது. மலாக்காவின் தாமான்களில் அதுவும் இல்லை. காய் தானாக விழுந்தால் பொறுக்குகிறார்கள். விழுந்தது முற்றி விழுந்ததா, நோயில் உதிர்ந்ததா என்று காம்பைத் திருப்பிப் பார்ப்பவர் அபூர்வம்.

வெலிகமவும் பொள்ளாச்சியும்

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் வாசகருக்குப் பக்கத்திலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

இலங்கையில் மாத்தறை மாவட்டத்து வெலிகமவில் 2006இல் தென்னை இலைவாடல் நோய் தென்பட்டது. அதுவும் ஃபைட்டோபிளாஸ்மாதான். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையமும் அரசும் நோய்ப் பகுதியைச் சுற்றி ஓர் எல்லைப் பட்டை வகுத்து, அதற்குள் நோய்ப்பட்ட மரங்களை வெட்டி அகற்றின. தென்னங்கன்றோ மற்றப் பனைவகைச் செடியோ அந்தப் பகுதியை விட்டு வெளியே போகத் தடை விதித்தன. மக்களுக்கு இது வலித்தது. காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை வெட்ட யாருக்கு மனம் வரும்? ஆனாலும் குருநாகல், சிலாபம், புத்தளம் அடங்கிய தென்னை முக்கோணத்துக்கு நோய் எட்டாமல் இருப்பதே குறிக்கோள் என்று எல்லோருக்கும் புரியும்படி சொன்னார்கள்.

தமிழ்நாட்டின் கதை வேறு. கேரளத்து வேர்வாடல் கன்னியாகுமரி, தென்காசி, தேனி என்று எல்லையோர மாவட்டங்களில் பல ஆண்டுகளாகவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மலைக்கணவாய் வழியாகக் காற்றும் பூச்சியும் வரும், கன்று லாரியும் வரும். அண்மை ஆண்டுகளில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தைப் பிடித்தது. இளநீருக்கும் தேங்காய்க்கும் பெயர் போன ஊர் அது. அங்கே விவசாயிகள் மரத்தை வெட்டிக்கொண்டே இழப்பீடு கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அங்கே நோயைப் பரப்புகின்றன. பூச்சி மருந்தால் மட்டும் அவற்றை நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் ஒரு தோப்பில் தெளித்தால் அடுத்த தோப்பிலிருந்து வந்துவிடுகின்றன.

வெலிகமவுக்கும் பொள்ளாச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை மலாக்கா யோசிக்க வேண்டும். முன்னது சிறியதாக இருக்கும்போதே எல்லை போட்டது. பின்னதில் தோப்புக்குத் தோப்பு தனித்தனியாகப் போராட வேண்டியதாயிற்று.

வண்டு திறக்கும் கதவு

மஞ்சள் நலிவைப் பற்றிப் பேசும்போது வண்டுகளை விட முடியாது. நோயா வண்டா என்று தெரியாமல்தான் பல மரங்கள் சாகின்றன. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால், பிறகு விரியும் மட்டை கத்தரிக்கோலால் வெட்டிய விசிறிபோல் இருக்கும். அந்தப் புண்ணில் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். அதன் புழு உள்ளேயே தின்று, வெளியே தெரியும்போது மரம் முடிந்திருக்கும். இந்தக் கூன்வண்டு 2007இல் திரெங்கானுவில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்குப் பரவியது.

மலாக்காவில் காண்டாமிருக வண்டுக்கு விருந்து வைப்பது செம்பனை மறுநடவு. சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை பழைய செம்பனையைச் சாய்த்துப் புதிது நடுகிறார்கள். திறந்த வெளியில் எரிக்கத் தடை உண்டு. காற்றுக்கு அது நல்லது. ஆனால் துண்டு போட்டுக் குவித்த தண்டுகள் அழுகும்போது வண்டு அதில்தான் முட்டையிட்டுப் பெருகுகிறது. அந்தத் தோட்டத்தை ஒட்டிய கொல்லைத் தென்னைதான் வண்டுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு. தோட்ட நிர்வாகங்கள் தங்கள் இளஞ்செம்பனைக்கு மருந்து போடுகின்றன; வேலிக்கு அப்பால் உள்ள நான்கு தென்னைக்கு யார் போடுவது?

இந்த வண்டை அடக்கும் இயற்கைக் கிருமியைக் கண்டுபிடித்த இடமே மலேசியாதான். 1963இல் ஜெர்மானிய விஞ்ஞானி அலாய்ஸ் ஹூகர் இங்கே வண்டுப் புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டார். 1967இல் அதை சமோவாவுக்குக் கொண்டுபோய் விட்டபோது அங்கே வண்டின் தொல்லை பெரிதும் குறைந்தது. பசிபிக் தீவுகள் பலவும் அதைப் பின்பற்றின. குட்டைத் தென்னையும் இங்கிருந்து போனதுதான், வண்டு வைரஸும் இங்கிருந்து போனதுதான். வெளிநாட்டுத் தென்னைகளுக்கு மருந்து கொடுத்த மண்ணில் வீட்டுத் தென்னைக்குக் காவல் இல்லாமல் இருப்பது கொஞ்சம் மனவேதனை தருகிறது.

என்ன செய்யலாம்

முதல் வேலை பதிவேடு. மலாக்காவின் தமிழ்ப்பள்ளிகளும் ஆலயங்களும் தங்கள் வளாகத்துத் தென்னைகளை எண்ணி, ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, ஒரு நோட்டில் பதிய வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அறிவியல் பாடத்தின் பகுதியாகவே செய்யலாம். வாரம் ஒருநாள், ஒவ்வொரு மரத்தின் கொண்டையையும் கைப்பேசியில் பெரிதாக்கிப் படமெடுத்து வைத்தால் போதும். மரமேறியின் கண்ணுக்கு அந்தப் படம் ஈடாகாது என்றாலும், போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாளை கருகியது தெரிந்துவிடும். கீழே விழுந்த காய்களை எண்ணிக் காம்புப் பக்கம் கறுப்பா என்று குறிப்பதும் சிறுவர்களால் முடியும்.

அடுத்து கன்று. வார இறுதியில் சாலையோரத்தில் லாரியிலிருந்து விற்கும் தென்னங்கன்றை, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. விலை இரண்டு மூன்று வெள்ளி குறைவாக இருக்கலாம். ஆனால் அதில் ஏறிவரும் நோய் ஒரு வட்டாரத்தையே அழிக்கக் கூடியது. விவசாய இலாகாவின் அங்கீகாரம் பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்கி, ரசீதை வைத்துக்கொள்வது நல்லது. சமையலுக்கு வரும் உரித்த தேங்காயைவிட இலையோடு வரும் கன்றில்தான் ஆபத்து அதிகம். கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் தோரணத்துக்காக வெளிமாநிலத்திலிருந்து வண்டி வண்டியாகக் குருத்தோலை கொண்டுவருவோர், நோய்ப்பட்ட தோப்பிலிருந்து வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீந்த ஓலையைக் கோயில் தென்னையின் அடியிலேயே குவிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

நகராண்மைக் கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மலாக்காவில் மாநகரம், ஹாங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என்று நான்கு உள்ளாட்சிகள். சாலை நடுவிலும் கேளிக்கை இடங்களிலும் அழகுக்காக வளர்ந்த பனைவகை மரங்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நடுகிறார்கள். மலேசியாவில் இத்தகைய அலங்காரப் பனைகள் சிலவற்றிலும் ஃபைட்டோபிளாஸ்மா காணப்பட்டிருக்கிறது. ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தாலே போதும்: சோதனைச் சான்று இல்லாத பனைவகை எதுவும் மாநிலத்துக்குள் வரக் கூடாது.

சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் நோய்ப்பட்ட செடியை அழிக்க உத்தரவிடும் அதிகாரத்தை ஏற்கெனவே தருகிறது. குறையெல்லாம் மக்கள் பக்கத்துப் பயத்தில் இருக்கிறது. சொன்னால் மரத்தை வெட்டிவிடுவார்கள், கையில் ஒன்றும் கிடைக்காது என்று எண்ணுபவர் ஏன் சொல்வார்? அதனால் மாநில அரசு ஒரு சிறு திட்டம் வகுக்க வேண்டும். சந்தேக மரத்தைத் தெரிவிப்பவருக்கு இலவசச் சோதனை. நோய் உறுதியானால் அரசுச் செலவில் வெட்டி அகற்றுதல். ஒரு மரத்துக்கு இரண்டு நல்ல கன்றுகள், வெவ்வேறு வகையில். காய்க்கும் மரமாக இருந்தால் கன்று காய்க்கும்வரை ஒரு சிறு தொகை. தேங்காய்க்குப் பண்டிகைக்கால உச்சவரம்பு விலை வைப்பதற்கு ஆகும் உழைப்போடு ஒப்பிட்டால் இது பெரிய செலவாகாது.

செம்பனை மறுநடவு செய்யும் நிறுவனங்களிடம் ஒரு நிபந்தனை வைக்கலாம். குடியிருப்பை ஒட்டிய வரிசைகளில் சாய்த்த தண்டைச் சன்னமாக நறுக்கிப் பரப்ப வேண்டும், குவியலாக விடக் கூடாது. வண்டுப் பொறியை வேலிக்கு அந்தப் பக்கமும் இரண்டு வைக்க வேண்டும். மரம் லயத்தில் நின்றாலும், தோட்டம் விட்டுவைத்த பழைய கோயிலில் நின்றாலும், அதைக் காப்பது தங்கள் செம்பனையைக் காப்பதும்தான்.

ஆய்வாளர்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டியும் புத்ரா பல்கலைக்கழகமும் தஞ்சோங் கிளிங்கிலிருந்து மெர்லிமாவ் வரை கடற்கரையிலும், உள்ளே ஜாசின், அலோர் காஜா தோட்டப் பகுதியிலும் மாதிரி எடுத்து, மலாக்காவில் நோய் எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் தர வேண்டும். பள்ளிப் பதிவேடுகள் அவர்களுக்கு வழிகாட்டும். எந்த மரத்தை முதலில் சோதிப்பது என்று தேட வேண்டியிருக்காது.

கடைசியாக ஒரு தாள். காம்பு கறுத்த காய், கருகிய பாளை, அடியிலிருந்து ஏறும் மஞ்சள், விசிறி வெட்டு விழுந்த மட்டை ஆகிய நான்கு வண்ணப் படங்களும், அந்தந்த மாவட்ட விவசாய இலாகாவின் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒரே பக்க அறிவிப்பு, தமிழிலும் மலாயிலும். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் படிகள் போதும். அதைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும், பசாரில் தேங்காய் துருவும் இயந்திரத்துக்கு மேலேயும் ஒட்ட வேண்டும். தேங்காய் துருவி முடியும்வரை அங்கே நிற்பவருக்குப் படிக்க வேறு எதுவும் இருக்காது.